படுத்த படுக்கையான பெற்றோரை எங்கே வைத்துப் பார்ப்பது? வீடு, முதியோர் இல்லம், பராமரிப்பு மையம்: ஓர் ஒப்பீடு

பக்கவாதமோ இடுப்பு எலும்பு முறிவோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியவரை, "இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போகலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். மூக்கில் குழாய், கீழே யூரின் பை, தானாகப் புரள முடியாத உடம்பு. வீட்டில் இருப்பது வேலைக்குப் போகும் மகனும் மருமகளும், அல்லது முட்டிவலியோடு எழுபது வயது மனைவி. ஆள் வைத்து வீட்டிலேயே பார்ப்பதா, ஹோமில் விடுவதா என்று முடிவெடுக்கக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே நாள்.

அந்த இரண்டு நாளில் பலரும் செய்வது, படம் பளிச்சென்று இருக்கும் மூன்று இடங்களுக்குப் போன் போட்டு "மாசம் எவ்வளவு?" என்று கேட்பதுதான். கட்டணமும் கட்டடமும் கடைசியில் பார்க்க வேண்டியவை. படுத்திருப்பவர் எப்படி இருப்பார் என்பதைத் தீர்மானிப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கட்டிலுக்கு யார் வருகிறார்கள் என்பது. மூன்று வழிகளையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் இங்கே பார்க்கிறோம். நடமாட்டம் உள்ளவர்களுக்காகக் கோவைப் பக்கம் நிறைய வந்திருக்கும் வில்லா வகைக் குடியிருப்புகள் வேறு கணக்கு, அவற்றை எடுக்கவில்லை. நம் ஊரில் "நர்சிங் ஹோம்" என்று பலகை மாட்டியவையும் பெரும்பாலும் சிறு மருத்துவமனைகள்தான்; மாதக்கணக்கில் தங்குவதற்கானவை அல்ல.

## முதலில், என்ன வேலை இருக்கிறது என்று எழுதுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் இருக்கும்; ஒரு நாளைக்கு எத்தனை கை வேலை என்று இருக்காது. அதை வார்டு சிஸ்டரிடம் கேட்டு நீங்களே எழுத வேண்டும். தானாகப் புரள்கிறாரா? உட்கார வைத்தால் சாயாமல் இருக்கிறாரா? நாற்காலிக்கு மாற்ற ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா? தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா? மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், தொண்டைக் குழாய் இவற்றில் எது எது இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் மாற்றினார்கள், அடுத்து எப்போது? இன்சுலின் உண்டா? ராத்திரி தூங்குகிறாரா, சத்தம் போடுகிறாரா? எடை எவ்வளவு?

கிளம்பும் அன்று பின்பக்கத்தை முழுதாகப் பாருங்கள். வால் எலும்பு, இரண்டு குதிகால், இடுப்பின் இரு பக்கம் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் புண் தெரியவரும்போது "ஆஸ்பத்திரியிலிருந்தே வந்தது" என்று இல்லம் சொல்லும், "இங்கிருந்து போகும்போது இல்லை" என்று ஆஸ்பத்திரி சொல்லும். அப்போது கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் போட்டோ.

தாளில் குழாயும் இல்லை, ராத்திரி வேலையும் இல்லை என்றால் மூன்று வழியும் திறந்திருக்கிறது. தொண்டைக் குழாய் இருந்தால் முதியோர் இல்லம் அப்போதே கழிந்துவிடும். வீடு என்றால் ஆயாம்மா போதாது, சளி உறிஞ்சத் தெரிந்த நர்ஸ் வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

### இரவு

ஒரு கணக்கு. ஓர் இடத்தில் தானாகப் புரள முடியாதவர்கள் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதுதான் வழக்கமான முறை. இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் திருப்பி, தலையணை வைத்து, டயப்பர் நனைந்திருக்கிறதா என்று பார்க்க 5 நிமிடம். 12 பேருக்கு ஒரு மணி நேரம். அவர்களில் 4 பேருக்கு டயப்பர் மாற்ற வேண்டியிருந்தால் ஆளுக்கு 10 நிமிடம். இன்னும் 40 நிமிடம். ஆக 120 நிமிடத்தில் 100 நிமிடம் போய்விட்டது. இரண்டு பேர் உட்காராமல் வேலை பார்த்தால்தான் 12 பேருக்குக் கட்டுப்படியாகும். அங்கே ராத்திரி ஒரே ஒரு ஆயாம்மா என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வேலை நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒற்றை ஆளாக இழுத்து நகர்த்தினால் தோல் விரிப்பில் உரசிக் கிழியும். அது தனிக் கேடு.

"நைட்டுக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "நைட் டூட்டியில் எத்தனை பேர், அவர்களே பகலிலும் வேலை பார்த்தவர்களா, ராத்திரி எங்கே படுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் விஷயம் வெளியே வரும். பல இடங்களில் ஊழியர்கள் அங்கேயே தங்குகிறார்கள். பகல் முழுக்க ஓடிய பெண்ணையே ராத்திரி "கூப்பிட்டால் வரும் ஆள்" என்று கணக்கில் காட்டுவார்கள்.

பிறகு, பக்கம் மாற்றிய நேரத்தைக் குறிக்கும் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். 8, 10, 12, 2 என்று எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கிறதா? காலை 11 மணிக்குப் போயிருக்கிறீர்கள், மதியம் 2 மணிக் கட்டத்தில் அதற்குள் கையெழுத்து விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் சார்ட் ஆய்வுக்கு வருபவர்களுக்காக எழுதப்படுகிறது. வெவ்வேறு கையெழுத்து, நடுவில் ஒரு விடுபட்ட கட்டம், "வாந்தி, ஃபீட் நிறுத்தம்" என்று ஓரத்தில் கிறுக்கல் இதெல்லாம் இருந்தால் உண்மையில் வேலை நடக்கிறது என்று நம்பலாம்.

### தோல்

தோல் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நம்முடைய நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ இருக்கும். புறங்கையால் தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ, சொதசொதவென்றோ இருக்கும். தோல் உரிந்த பிறகுதான் கவனிக்கிற இடத்தில் அதற்கு முந்தைய கட்டம் தவறவிடப்பட்டிருக்கிறது.

சில பழைய வழக்கங்களைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள்: நடுவில் ஓட்டையுள்ள காற்றடித்த வளையத்தை இடுப்பின் கீழ் வைப்பது, கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் கொடுப்பது, புண்ணில் பவுடர் கொட்டுவது. மூன்றும் இன்று ஏற்கப்படாதவை. கெண்டைக்காலின் நீளத்துக்குத் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்வதும், முழுக்கச் சரிக்காமல் சுமார் 30 டிகிரி பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைப்பதும்தான் சரி.

ஏர் பெட் பற்றி ஒன்று. அது மோட்டாரில் காற்றை மாற்றி மாற்றி அடைத்து இயங்குவது. கரண்ட் போனால் மெல்ல இறங்கி, கட்டில் பலகைமேல் படுத்ததாகிவிடும். ஜெனரேட்டர் லைன் அந்த பிளக்குக்கு வருகிறதா என்று கேட்பது வீண் கேள்வி அல்ல. ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் படுக்க வைக்கும் வேலை குறையுமே தவிர நின்றுவிடாது.

### வாயும் வயிறும்

கவனிப்பின் தரத்தை ஒரே பார்வையில் காட்டுவது வாய். குழாயில் சாப்பிடுபவர்களுக்கு "வாயால்தான் சாப்பிடுவதில்லையே" என்று பல் துலக்குவதை விட்டுவிடுவார்கள். நாக்கில் வெள்ளையாகப் படிந்து, உதட்டோரம் காய்ந்து வெடித்திருந்தால் நாள்கணக்கில் யாரும் வாயைத் தொடவில்லை. அந்தக் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. நகம், காதின் பின்புறம், ஆண்களுக்குத் தாடி இவையும் அதே கதையைச் சொல்லும்.

உணவு நேரத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தித்தான் குழாயில் ஊற்ற வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். படுக்க வைத்தபடி சிரிஞ்சில் அழுத்தித் தள்ளுவதைப் பார்த்தால் வேறு எதையும் விசாரிக்க வேண்டாம், கிளம்பிவிடலாம். வாயால் சாப்பிடுபவர்களுக்கு, ஓர் ஆயா எத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் ஊட்டுகிறார் என்று எண்ணுங்கள். விழுங்கத் தடுமாறும் ஒருவருக்கு ஒரு வேளை ஊட்ட 30 நிமிடம் பிடிக்கும்.

குழாயில் என்ன ஊற்றுகிறார்கள்? 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 1,250 முதல் 1,500 கலோரியும் 50, 60 கிராம் புரதமும் வேண்டும். புண் இருந்தால் புரதம் இன்னும் கூடுதலாக. வடித்த கஞ்சித் தண்ணீரை ஆறு வேளை ஊற்றினாலும் இதில் பாதிகூட வராது. வயிறு நிரம்பியதுபோல் இருக்கும், உடம்பு உருகும். அதனால்தான் மாதம் ஒரு முறை எடை எடுக்கிறார்களா என்று கேட்க வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் எடை இறங்கினால் டாக்டர் பார்த்தாக வேண்டும். படுத்திருப்பவரை நிறுத்தி எடை எடுக்க முடியாது; நாற்காலி எடைக்கருவியாவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். "கையைப் பிடித்தாலே தெரியும் சார்" என்பது பதில் இல்லை.

### மருந்து

பொறுப்பு நர்ஸிடம் உங்கள் மாத்திரைப் பட்டியலைக் காட்டி, "சிஸ்டர், இதில் எதைப் பொடித்துக் குழாயில் போடக் கூடாது?" என்று கேளுங்கள். எக்ஸ்.எல்., எஸ்.ஆர். என்று முடியும் மாத்திரைகள் மெல்லக் கரைய வேண்டியவை. பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். தெரிந்த நர்ஸ் உடனே சுட்டிக் காட்டுவார், அல்லது டாக்டரிடம் கேட்டு மாற்றச் சொல்வார். "எல்லாத்தையும் ஒண்ணா இடிச்சுக் கரைச்சிடுவோம்" என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

இன்சுலினில் நடக்கும் தவறு எளிமையானது. ஏழு மணிக்கு நர்ஸ் வரிசையாக ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார். சமையலறையில் இட்லி எட்டரைக்குத்தான் இறங்கும். சர்க்கரை 70-க்குக் கீழே போய், பேச முடியாத நோயாளி வியர்த்துக் கிடப்பார். தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள்.

மறதி நோய் உள்ளவர்கள் விஷயத்தில் இன்னொன்று. வீட்டில் ராத்திரி கத்திக்கொண்டிருந்த அம்மா, சேர்த்த ஒரு வாரத்தில் பகலெல்லாம் தூங்கி வழிந்தால் "பரவாயில்லை, செட் ஆகிட்டாங்க" என்று நிம்மதி அடையாதீர்கள். மருந்துச் சீட்டில் க்வெட்டியாபின், லோராசெபாம் போன்றவை புதிதாக ஏறியிருக்கின்றனவா, எந்த டாக்டர் எழுதினார், உங்களிடம் கேட்டார்களா என்று பாருங்கள். ஆள் பற்றாத இடங்களில் தூக்க மாத்திரைதான் கூடுதல் ஊழியர்.

### அவசரம் வந்தால்

எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், கூட யார் போவார், நீங்கள் வரும்வரை யார் கையெழுத்துப் போடுவார்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். மறுபடி வென்டிலேட்டர் வேண்டாம் என்று பெரியவரே நினைத்தால், நினைவு தெளிவாக இருக்கும்போதே முன்கூட்டிய மருத்துவ உயிலாக எழுதிவிடலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. கேட்கக் கூசினாலும் கேட்க வேண்டிய இன்னொன்று: அங்கேயே உயிர் பிரிந்தால் இறப்புக் காரணச் சான்றில் கையெழுத்திடும் டாக்டர் யார்? இது தெரியாமல், உடலை வைத்துக்கொண்டு டாக்டரைத் தேடி அலையும் குடும்பங்கள் உண்டு.

## வழி 1: வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பது

பெரியவருக்குப் பழகிய கட்டில், பழகிய குரல், வீட்டு ரசம். ஒருவரை ஒருவரே கவனிப்பதால் டயப்பர் நனைந்தால் உடனே தெரியும். பல பேர் இருக்கும் இடத்தில் தொற்றும் கிருமிகளும் குறைவு. இந்த நன்மைகளை எந்த இல்லமும் முழுதாகத் தர முடியாது.

சிக்கல் ராத்திரியில்தான். ஏஜென்சி "24 மணி நேர ஆள்" என்று சொல்வது ஒரே மனுஷியை. 24 மணி நேரம் யாராலும் விழித்திருக்க முடியாது. அவர் பத்து மணிக்குப் படுத்தால் ஐந்து மணிக்கு எழுவார், அது நியாயமும்கூட. ஆக இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்க வீட்டு ஆள் ஒருவர் அலாரம் வைக்க வேண்டும், அல்லது 12 மணி நேர ஷிப்டில் இரண்டு பேரை எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வீட்டிலும் புண் வரும்.

ஆள் வந்த முதல் நாளே ஒரு நர்ஸை வீட்டுக்கு வரவழைத்து, அவர் முன்னால் திருப்பிப் படுக்க வைத்தல், குழாயில் உணவு, யூரின் பை காலி செய்தல் மூன்றையும் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆயாம்மாக்கள் குழாயை மாற்றி மாட்டக் கூடாது. அதற்கு நர்ஸ் வர வேண்டும், அதற்குத் தனிக் காசு.

மறைந்திருக்கும் செலவுகள்: வந்தவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, ஏஜென்சியின் பதிவுக் கட்டணம், தூக்கி உட்கார வைக்கும் கட்டில், ஏர் பெட், தேவைப்பட்டால் ஆக்சிஜன் கருவி ஆகியவற்றின் வாடகை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆள் ஊருக்குப் போய்விடுவார். மாற்று ஆள் வருமா, எத்தனை மணி நேரத்தில் வரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஏஜென்சி தாளில் அடையாளச் சான்று நகலும் காவல்துறைச் சரிபார்ப்பும் வேண்டும். நகையை லாக்கரில் வைத்துவிட்டால் பின்னால் சந்தேகமும் சண்டையும் இல்லை. யாரும் கணக்கில் எழுதாத செலவு, வீட்டில் இதற்கென்று நிற்கும் அந்த ஒருவர். பெரும்பாலும் மருமகள் அல்லது மனைவி. அவர் விழுந்தால் ஏற்பாடு மொத்தமும் விழும்.

ஒரு நல்ல விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு, படுக்கை நோயாளிகளுக்கு வலி தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருகிறார்கள், இலவசமாக. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

வீடு பொருந்துவது: பகலில் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார், ராத்திரிக்கு ஏற்பாடு உண்டு, குழாய்கள் குறைவு, பெரியவர் ஆளைத் தெரிந்துகொள்கிறார். கடைசிக் காலத்தை வீட்டில்தான் கழிக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தாலும் வீடுதான்.

## வழி 2: முதியோர் இல்லம்

நேரடியாகச் சொன்னால், படுத்த படுக்கையானவருக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. முதியோர் இல்லங்கள் நடந்து, தானே சாப்பிட்டு, தானே கழிவறை போகிறவர்களுக்காக அமைந்தவை. கூட்டம், பேச்சுத் துணை, கோயில், பஜனை எல்லாம் இருக்கும். திருப்பிப் படுக்க வைக்க ஆள் இருக்காது. சில இல்லங்கள் "சிக் ரூம்" என்று நான்கைந்து கட்டில் போட்டு வைத்திருப்பார்கள். அதற்குத் தனி ஊழியர் உண்டா, அல்லது பொதுவான ஆயாதான் நேரம் கிடைக்கும்போது எட்டிப் பார்க்கிறாரா என்பதில்தான் எல்லாம்.

கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: "சேர்ந்த பிறகு நடக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" ஒரு மாத அவகாசத்தில் கூட்டிக்கொண்டு போகச் சொல்வோம் என்று விதியில் இருக்கும். அது தவறில்லை, ஆனால் சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றையும் பார்த்துவிடுங்கள்.

பொருந்துவது: அம்மா நடமாடுகிறார், அப்பா மட்டும் தளர்ந்திருக்கிறார், இருவரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிலை, அல்லது எலும்பு முறிவு ஆறி, வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டவர்.

## வழி 3: நர்ஸ்கள் உள்ள பராமரிப்பு மையம்

குழாய், புண், இன்சுலின், ராத்திரி வேலை எல்லாம் சேர்ந்திருந்தால் இதுதான் வழி. ஆனால் ஒரே பெயரில் வெவ்வேறு தரத்தில் இருப்பதும் இதுதான். இரண்டு மாடி வாடகை வீட்டில் பத்துக் கட்டில் போட்டு, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண்ணை நிறுத்தி "நர்சிங் கேர்" என்று எழுதிவிடலாம்.

நர்ஸ் என்பவர் ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்தவரா, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் பதிவு எண் உண்டா, ராத்திரியிலும் ஒருவர் இருக்கிறாரா? குழாய் மாட்டுவது, ஊசி போடுவது, டிரெஸ்ஸிங் செய்வது என்று சிகிச்சையும் அளிக்கிற இடம் என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ் பதிவு உண்டா என்று கேளுங்கள். டாக்டர் "வருவார்" என்றால் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டு, அந்த நேரத்தில் போய் நில்லுங்கள்.

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், ஞாயிறு மாலை ஏழு மணிக்கு. அப்போதுதான் மேனேஜர் இருக்க மாட்டார். உள்ளே நுழைந்ததும் பினாயில் நெடி மூக்கைத் துளைத்தால் எதை மறைக்கிறது என்று பாருங்கள். யாராவது ஒருவர் அப்போதுதான் மலம் கழித்த வாடை இயல்பு. மெத்தையில் ஊறிய பழைய மூத்திர வாடை இயல்பல்ல. யூரின் பைகளைப் பாருங்கள்: கட்டிலின் ஓரத்தில், உடம்பை விடத் தாழ்வாக, தரையில் படாமல் தொங்க வேண்டும். எல்லாப் பையிலும் சிறுநீர் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதவில்லை. கைகளைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்களா? குழாயைப் பிடுங்காமலிருக்கச் சில நேரம் கையுறை மாட்டுவார்கள். துணியால் கட்டிவைப்பது வழக்கமாகவே இருந்தால் அது ஆள் பற்றாக்குறை.

மாடியில் படுக்கை நோயாளிகள் என்றால், கட்டில் நுழையும் லிப்ட்டோ சரிவுப்பாதையோ உண்டா? தீப்பிடித்தால் தூக்கி இறக்குவது யார்? தரைத்தளம்தான் நல்லது என்று சொல்லிவிடலாம். ஆனால் சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயலிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, நோயாளிகளை எங்கே மாற்றினார்கள் என்று விசாரிப்பது நல்லது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் வாராவாரம் வரும் போட்டோவில் அப்பா தலை வாரி, விபூதி பூசி, பளிச்சென்று இருப்பார். குதிகால் போட்டோவும் வால் எலும்பு போட்டோவும் கேளுங்கள். கேமரா இருக்கிறது என்பதும் பெரிய உத்தரவாதமில்லை. கட்டிலில் ஆள் இருக்கிறார் என்று அது காட்டும், முதுகைக் காட்டாது. உள்ளூரில் ஓர் உறவினரையோ நண்பரையோ மாதம் இரண்டு முறை, குளிப்பாட்டும் நேரத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

## தற்காலிக வழி: மறுவாழ்வு மையம்

பக்கவாதத்துக்குப் பின் கை கால் அசைவு பெருமளவு திரும்புவது முதல் மூன்று மாதத்தில்தான். அந்தக் காலத்தில் தினமும் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் கிடைக்கும் மையத்தில் சில வாரம் வைப்பது, செலவு கூடினாலும், பிறகான பல ஆண்டு வேலையைக் குறைக்கும். முன்னேற்றம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அதே கட்டணத்தில் தொடர வேண்டியதில்லை. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையில் ஒரு முறை முழுமையாகக் காட்டி, இனி எவ்வளவு தேறுவார் என்று கேட்டுக்கொண்டு முடிவெடுப்பது நல்ல தொடக்கம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீடு + ஆள் | முதியோர் இல்லம் | பராமரிப்பு மையம் |
|---|---|---|---|
| ராத்திரித் திருப்பல் | இரண்டு ஷிப்ட் இருந்தால் மட்டும் | பெரும்பாலும் இல்லை | ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து |
| குழாய், டிரெஸ்ஸிங் | நர்ஸை வரவழைக்க வேண்டும் | இல்லை | உண்டு |
| தனிக் கவனிப்பு | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| பேச்சுத் துணை | குடும்பம் | அதிகம் | குறைவு |
| தொற்று அபாயம் | குறைவு | நடுத்தரம் | கூடுதல் |
| குடும்பத்தின் உழைப்பு | மிக அதிகம் | குறைவு | வாரம் ஒரு முறையாவது |
| திடீரென்று முறிவது எப்போது | ஆள் லீவு போட்டால் | நடை நின்றால் | கட்டணம் ஏறினால், நல்ல ஊழியர் மாறினால் |

## பணக் கணக்கு

சொல்லும் தொகையும் கட்டும் தொகையும் ஒன்றாக இருக்காது. உதாரணத்துக்கு எண்களை இப்படி வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பாருங்கள். மையம் மாதம் 35,000 என்கிறது. டயப்பர் நாளுக்கு 5, ஒன்று 40 ரூபாய் என்றால் மாதம் 6,000. பிசியோதெரபி 20 நாள், தடவைக்கு 400 என்றால் 8,000. டாக்டர் வருகை, கையுறை, டிரெஸ்ஸிங், ஏர் பெட் வாடகை என்று 4,000. ஆக 53,000. வீட்டில் இரண்டு ஷிப்ட், ஒன்று 900 என்றால் நாளுக்கு 1,800, மாதம் 54,000. அதற்கு மேல் அதே டயப்பரும் பிசியோதெரபியும். ஒரே ஆள் தங்கி வேலை என்றால் பாதிதான் ஆகும், ராத்திரி உங்களுடையது. எனவே "வீடு மலிவு" என்பது ராத்திரியை யாரோ இலவசமாகப் பார்க்கும்போது மட்டுமே உண்மை.

மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான். ஆயா சம்பளத்தையோ இல்லக் கட்டணத்தையோ பொதுவாகக் கொடுப்பதில்லை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய வரிகள்: அட்வான்ஸ் எத்தனை மாதம், எத்தனை நாளில் திரும்பும், மாத நடுவில் இறந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போனாலோ மீதி நாள் காசு என்னாகும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் கட்டிலைப் பிடித்துவைக்க எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும், நடக்கும்போது ஒரு கட்டணம், படுத்தால் வேறு கட்டணமா, ஜி.எஸ்.டி. தனியா. டயப்பரை நீங்களே வாங்கிக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். அனுமதித்தால் மொத்தமாக வாங்கும்போது மிச்சமாகும். அதைவிட முக்கியமாக, மாதம் எத்தனை செலவாகிறது என்று உங்களுக்குத் தெரியும். 150 போக வேண்டிய இடத்தில் 70 போனால் நாளுக்கு இரண்டு தடவைதான் மாற்றுகிறார்கள்.

## சேர்த்த பிறகு

எந்த வழியானாலும் முதல் மாதம் சோதனை மாதம்தான். சேர்க்கும் அன்று எடை, தோலின் நிலை, குழாய் மாற்றிய தேதிகள், மருந்துப் பட்டியல் நான்கையும் அவர்கள் ஏட்டில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வாரம் ஒரு முறை டயப்பர் மாற்றும் நேரத்தில் நீங்களும் கை கொடுங்கள். முதுகைப் பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. ஊழியர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் புது முகம் என்றால் அங்கே ஆள் தங்குவதில்லை, அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

சின்னக் குறைகளுக்கு இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதும் பெரியவருக்குக் கேடுதான். மறதி நோய் உள்ளவர்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு படி கீழே இறங்குவார்கள். தாமதமாக வந்த காபிக்காக மாற்றாதீர்கள். புதிதாக வந்த புண்ணை உங்களிடம் சொல்லாமல் மறைத்தால், எடை தொடர்ந்து இறங்கியும் டாக்டரைக் கூப்பிடவில்லை என்றால், உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயம் இருந்தால், பார்க்க வரும் நேரத்தைத் திடீரென்று குறைத்தால் மாற்றிவிடுங்கள். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்ற அளவுக்குப் போனால் முதியோர் உதவி எண் 14567. மாவட்ட சமூக நல அலுவலரிடமும் எழுத்தில் கொடுக்கலாம்.

மாற்றும்போது புண் தொடங்கிய தேதியும் அளவும், எடைப் பதிவு, மருந்துச் சீட்டு, கடைசியாகக் குழாய் மாற்றிய தேதி இவற்றின் நகலை வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏற்றுங்கள். அடுத்த இடத்து சிஸ்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.